கதவிலேயே தொங்கும் சாவி

ராயகிரி பேரூராட்சியில் வசிப்பவர் இணையவழியில் சொத்து வரி செலுத்தும்போது, தரவுத்தளத்தைத் திறப்பவர் அவரல்லர். இடையிலுள்ள செயலியே தனக்குரிய பயனர்பெயர், கடவுச்சொல்லுடன் உள்ளே நுழைகிறது. அக்கடவுச்சொல்லை நிரலிலேயே எழுதிவைப்பது, பூட்டிய கதவில் சாவியைத் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். அதைத் தனியே பாதுகாத்து, அவ்வப்போது மாற்ற வேண்டும்.

செயலிக்கு முழு அதிகாரமும் தரலாகாது. ரசீதைக் காட்டும் பகுதிக்குப் படிக்கும் உரிமை போதும். அழிக்கும் உரிமை எதற்கு? 2024 மே மாதம் தமிழகக் காவல் துறையின் முக அடையாள இணையதளத்தில், ஒரு கணக்கின் கடவுச்சொல் பறிபோய் ஊடுருவல் நிகழ்ந்தது. அக்கணக்கின் உரிமைகள் வரம்புக்குட்பட்டவை என்பதே காவல் துறை அளித்த ஆறுதல்.

பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். கசிந்த தகவலை எந்த அபராதமும் மீட்டுத் தராது.