ஆலை ஓய்வூதியம்: 55-ல் வாங்கலாமா, 58 வரை பொறுக்கலாமா?

நூற்பாலையிலோ சர்க்கரை ஆலையிலோ வேலை பார்த்துவிட்டு, ஊர் திரும்பி விவசாயம் செய்பவரா நீங்கள்? பி.எஃப். பிடித்த நிறுவனங்களில் மொத்தம் 10 ஆண்டுகள் பணியாற்றி, ஓய்வூதியப் பணத்தை எடுக்காமல் விட்டிருந்தால், தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995-ன் கீழ் உங்களுக்கு மாத ஓய்வூதியம் உண்டு.

முழுத் தொகை கிடைக்கும் வயது 58. பி.எஃப். பிடித்தம் உள்ள வேலையில் இப்போது இல்லையென்றால், 50 வயது முடிந்ததுமே கேட்கலாம். ஆனால், 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4% பிடித்துக்கொள்வார்கள். 58 ஆனதும் அது திரும்ப வராது. ஆயுள் முழுக்கக் குறைந்த தொகைதான்.

அப்படியானால் பொறுப்பதே லாபமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 58-ல் 3,000 ரூபாய் கிடைக்கும் ஒருவர் 55-லேயே வாங்கினால், மாதம் சுமார் 2,640 ரூபாய் வரும். மூன்று ஆண்டுகளில் கைக்கு வருவது சுமார் 95,000 ரூபாய். அதன்பின் மாதம் 360 ரூபாய் இழப்பு. முன்பு வாங்கிய 95,000 ரூபாயை இந்த இழப்பு ஈடுகட்ட சுமார் 22 ஆண்டுகள் ஆகும். அதாவது, 80 வயதைத் தாண்டி வாழ்ந்தால்தான் பொறுத்தவருக்கு லாபம்.

எனவே, உங்கள் வீட்டு நிலைமையை வைத்து முடிவெடுங்கள். வட்டிக் கடன் கழுத்தை நெரிக்கிறது, உடல்நிலையும் சரியில்லை என்றால் முன்கூட்டியே வாங்கிக் கடனை அடைப்பது நல்லது. கடன் இல்லை, பால் வருமானமோ தோட்ட வருமானமோ போதும் என்றால் பொறுங்கள். 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4% கூடும்.

மனைவியையும் கணக்கில் சேருங்கள். உங்களுக்குப் பின் அவருக்கு வருவது, நீங்கள் வாங்கிய தொகையில் பாதி. அவர் வயதில் மிகவும் இளையவர் என்றால், இன்று குறைவது அவரையும் நெடுநாள் பாதிக்கும்.

பி.எம். கிசான் தொகை நின்றுவிடுமோ என்ற பயம் வேண்டாம். மாத ஓய்வூதியம் 10,000 ரூபாயை எட்டினால்தான் அந்தத் தடை.

முடிவு எதுவானாலும், ஆதாரிலும் பி.எஃப். பதிவிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். பிறகு 10-டி படிவம் கொடுக்கலாம்.