மூணு சக்கரமா, நாலு சக்கரமா? குட்டி ஸ்ட்ரோலர் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கோம்.)

இன்னைக்கு டாபிக் கொஞ்சம் வித்தியாசமானது. நம்ம செட்ல பாதிப் பேர் வீட்ல இப்போ கைக்குழந்தை இருக்கு. மீதிப் பேருக்கு மாமா, சித்தின்னு ப்ரொமோஷன் வந்தாச்சு. அதனால "எந்த ஸ்ட்ரோலர் வாங்கலாம்?"னு அடிக்கடி கேக்கறாங்க. அதுலயும் ஒரு குறிப்பிட்ட ஆசை உண்டு: சின்னதா மடியணும், மூணு சக்கரம் இருக்கணும்.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். மூணு சக்கரம் நல்ல டிசைன்தான். ஆனா அது தரையில ஒரு முக்கோணம். குழந்தையோட எடை அந்த முக்கோணத்துக்குள்ள எங்க விழுதுன்னு புரிஞ்சா போதும். எதை வாங்கணும், வாங்கின பிறகு எதைச் செய்யவே கூடாதுன்னு ரெண்டும் உங்களுக்கே தெரிஞ்சிடும். ஸோ, இன்னைக்கு "டாப் டென் மாடல்" லிஸ்ட் கிடையாது. ஸ்கூல்ல படிச்ச கொஞ்சம் ஃபிசிக்ஸ் மட்டும்தான்.

ரெண்டு ஐடியா, ஒரே வண்டி

குடை மாதிரி மடியற ஸ்ட்ரோலரை டிசைன் பண்ணவர் ஓவன் மெக்லாரன்னு ஒரு பிரிட்டிஷ் விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தோட தரையிறங்கு சக்கர அமைப்பில் வேலை பார்த்தவர். மகளும் பேத்தியும் மாஸ்கோவிலிருந்து வந்தப்போ, கனமான தள்ளுவண்டியோட அவங்க படற பாட்டைப் பார்த்தார். 1965-ல அலுமினியக் குழாய்ல, மூணு கிலோவுக்கும் குறைவான எடையில, மடியற வண்டிக்கு காப்புரிமை விண்ணப்பிச்சார். அவர் தீர்க்க நினைச்ச பிரச்சினை, தூக்கிட்டுப் போறது.

அமெரிக்காவுல ஃபில் பேக்லர்னு ஒருத்தருக்கு வேற பிரச்சினை. குழந்தையையும் கூட்டிட்டு ஜாகிங் போகணும். சாதாரண ஸ்ட்ரோலரோட சின்னச் சக்கரம் அதுக்குத் தாங்கல. சைக்கிள் சக்கரத்தை மாட்டிப் பார்த்தார். அதுல இருந்து வந்ததுதான் 1984-ல ஆரம்பிச்ச 'பேபி ஜாகர்'. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ரெண்டுன்னு மூணு பெரிய சக்கரம். அவர் தீர்க்க நினைச்சது, உருட்டிட்டுப் போறது.

இன்னைக்கு நாம கேக்கற 'காம்பாக்ட் மூணு சக்கரம்' இந்த ரெண்டுக்கும் நடந்த கல்யாணம். பிரச்சினையும் அங்கதான். ஃப்ரேம் மடியும், துணி மடியும், சக்கரம் மடியாது. மடிச்ச வண்டி எவ்வளவு தடிமனா இருக்கும்னு தீர்மானிக்கறதுல சக்கரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால ரொம்பக் குட்டியா மடியற மூணு சக்கர வண்டின்னா, பெரும்பாலும் சக்கரத்தைச் சின்னதாக்கியிருப்பாங்க. பார்க்க ஜாகிங் வண்டி மாதிரி இருந்தாலும் அது ஜாகிங் வண்டி இல்லை. ஓடறதுக்கான வண்டியில பெரிய சக்கரம், சஸ்பென்ஷன், முன்சக்கரத்தை நேரா லாக் பண்ற வசதி, கையில மாட்டிக்கற பட்டை எல்லாம் இருக்கும். மேனுவல்ல 'ஓடலாம்'னு தெளிவா எழுதலைன்னா, நடக்க மட்டும்தான்.

மூணு கால் ஆடாது

ஹோட்டல்ல நாலு கால் டேபிள் ஆடினா, ஒரு காலுக்கு அடியில பேப்பரை மடிச்சு வைப்போம் இல்லையா? மூணு கால் முக்காலிக்கு அந்தத் தேவையே வராது. எந்த மூணு புள்ளியும் ஒரே தளத்துல உட்காரும். ஸ்ட்ரோலரும் அப்படித்தான். மேடு பள்ளமான நடைபாதையில மூணு சக்கரமும் எப்பவும் தரையைத் தொட்டுக்கிட்டே இருக்கும். முன்னாடி ஒரே சக்கரம்ங்கறதால வளைச்சுத் திருப்பறதும் ஈஸி. ஒரு கையில ஃபோன், ஒரு கையில ஸ்ட்ரோலர்னு போறவங்களுக்கு (போகாதீங்க, ஆனா போவீங்க) இது பெரிய வித்தியாசம்.

அடுத்தது சக்கரத்தோட சைஸ். 2 செ.மீ. உயர நிலைப்படி ஒண்ணு குறுக்க வருதுன்னு வைங்க. 14 செ.மீ. விட்டம் உள்ள சக்கரம் அதுல ஏறணும்னா, அந்தச் சக்கரம் தாங்கற எடைக்குக் கிட்டத்தட்ட சமமான விசையில தள்ளணும். 25 செ.மீ. சக்கரத்துக்கு அதுல சுமார் 65 சதவீதம் போதும். அதே படி, அதே குழந்தை, மூணுல ஒரு பங்கு உழைப்பு மிச்சம். சின்னச் சக்கரம்னா ஹேண்டிலை அழுத்தி முன்பக்கத்தைத் தூக்கித்தான் ஏத்தணும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவைன்னா பரவாயில்ல. இருபது தடவைன்னா ஒரு வாரத்துல வண்டி பால்கனிக்குப் போயிடும்.

ஆட்டோவை நினைச்சுக்கோங்க

இப்போ மறுபக்கம். ஆட்டோவும் முன்னாடி ஒண்ணு, பின்னாடி ரெண்டுதான். வேகமா வளைக்கும்போது பிரேக் போட்டா ஆட்டோ ஏன் கவிழப் பார்க்குது? எடை முன்னாடி நகருது. முன்னாடி போகப் போக முக்கோணம் குறுகுது. அதே ஜியோமெட்ரி இங்கயும்.

ஒரு உதாரணக் கணக்கு. பின்சக்கரங்களுக்கு நடுவுல 56 செ.மீ., பின்னச்சுல இருந்து முன்சக்கரம் வரைக்கும் 70 செ.மீ. வண்டி 7 கிலோ, குழந்தை 10 கிலோ. மொத்த எடையோட மையம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்துல, பின்னச்சுக்கு 20 செ.மீ. முன்னாடி இருக்குன்னு வைங்க. அந்த இடத்துல முக்கோணத்தோட நடுவுல இருந்து ஓரம் 20 செ.மீ. தூரம். அதாவது வண்டி பக்கவாட்டுல சுமார் 22 டிகிரி சாயற வரைக்கும் கவிழாது. 50 செ.மீ. அகலத்துல நாலு சக்கர வண்டின்னா சுமார் 27 டிகிரி. வித்தியாசம் இருக்கு, ஆனா பயப்படற அளவுக்கு இல்லை.

இப்போ நாய்க்குட்டியைப் பார்த்துட்டு குழந்தை முன்னாடி எட்டிப் பார்க்குது. மையம் 10 செ.மீ. முன்னாடியும், 5 செ.மீ. பக்கவாட்டுலயும் நகருது. மூணு சக்கர வண்டியில 22 டிகிரி இப்போ சுமார் 12 டிகிரி ஆயிடுச்சு. நாலு சக்கர வண்டியில இன்னும் 22 டிகிரி பாக்கி இருக்கு. நடைபாதை ஓரத்துல இருந்து ஒரு பின்சக்கரம் மட்டும் கீழ இறங்கினா, 12 டிகிரியைத் தாண்ட அதுவே போதும்.

இதுல இருந்து மூணு விஷயம் வருது.

ஒண்ணு: மூணு சக்கரம் வாங்கினா, பின்பக்கம் அகலமா இருக்கற மாடலைப் பாருங்க. அந்த அகலம்தான் உங்களைக் காப்பாத்துது. ஆனா உங்க அபார்ட்மென்ட் லிஃப்ட் கதவை டேப் வச்சு அளந்துட்டுப் போங்க.

ரெண்டு: பெல்ட். தோள் ரெண்டு, இடுப்பு ரெண்டு, கால் நடுவுல ஒண்ணுன்னு அஞ்சு முனை பெல்ட் இருக்கணும். குழந்தை கீழ விழாம இருக்க மட்டும் இல்லை, எடையோட மையம் இருக்கற இடத்துலயே இருக்கறதுக்கும் அதுதான் காவல். "பக்கத்துக் கடைக்குத்தானே"ன்னு மாட்டாம போற பழக்கம் மூணு சக்கரத்துக்கு ஒத்து வராது.

மூணு: நடைபாதையில ஏறும்போதும் இறங்கும்போதும் நேரா போங்க, குறுக்கா போகாதீங்க. இறங்கறப்போ வண்டியைத் திருப்பி, நீங்க முதல்ல இறங்கி, ரெண்டு பின்சக்கரத்தையும் ஒண்ணா இறக்குங்க.

தூங்கற குழந்தையும் காய்கறிப் பையும்

பக்கவாட்டை விட அடிக்கடி நடக்கறது, பின்னாடி மல்லாக்கறது. இதுக்கு எத்தனை சக்கரம்ங்கறது முக்கியமே இல்லை. எல்லா வண்டிக்கும் பொதுவான ஆபத்து.

மேல சொன்ன அதே வண்டி. மொத்தம் 17 கிலோ, பின்னச்சுக்கு 20 செ.மீ. முன்னாடி. ஹேண்டில், பின்னச்சுக்கு 35 செ.மீ. பின்னாடி. ஸீஸா மாதிரி கணக்குப் போட்டா, ஹேண்டில்ல பத்து கிலோவுக்குக் கிட்ட தொங்கவிட்டாத்தான் வண்டி தூக்கும். ஓகே, சேஃப்.

அப்புறம் குழந்தை தூங்கிடுது. நீங்க சீட்டைச் சாய்க்கறீங்க. குழந்தையோட எடை பின்னாடி வருது. மொத்த மையம் 20-ல இருந்து 10 செ.மீ.க்கு வந்துடுச்சுன்னா, அஞ்சு கிலோ போதும். வெங்காயம் ரெண்டு கிலோ, தக்காளி ஒரு கிலோ, ஒரு தேங்காய், தண்ணி பாட்டில், டயப்பர் பை. முடிஞ்சது. வண்டி மேட்டுல ஏறினா அஞ்சு கிலோகூட வேண்டாம். போகும்போது ஒண்ணும் ஆகாத அதே பை, வரும்போது கவிழ்த்துடும். பைக்கு இடம் சீட்டுக்குக் கீழ இருக்கற கூடைதான். ஹேண்டில் கொக்கி விக்கறாங்கன்னு வாங்காதீங்க.

மடிக்கிற இடம், கழட்டற சக்கரம்

சின்னதா மடியுதுன்னா நிறைய மூட்டு இருக்குன்னு அர்த்தம். ஒவ்வொரு மூட்டும் ஒரு கத்தரிக்கோல். 2009 நவம்பர்ல மெக்லாரன் கம்பெனி அமெரிக்காவுல சுமார் 10 லட்சம் ஸ்ட்ரோலர்களைத் திரும்ப அழைச்சது. மடிக்கிற மூட்டுல சிக்கி, குழந்தைகளோட விரல் நுனி துண்டானதா 12 புகார்கள் வந்திருந்தது. தீர்வு என்ன தெரியுமா? மூட்டுக்கு மேல ஒரு உறை. கடையில நீங்க பார்க்க வேண்டியதும் அதுதான். மூட்டு மூடியிருக்கா, திறந்திருக்கா? விரிக்கும்போதும் மடிக்கும்போதும் குழந்தை வண்டியைத் தொடற தூரத்துல இருக்கக் கூடாது.

மூணு சக்கரத்துக்குன்னே இன்னொரு விஷயம். சின்னதாக்கறதுக்காக முன்சக்கரத்தைக் கழட்டற மாதிரி சில மாடல் வரும். 2018 பிப்ரவரியில, பிரிட்டாக்ஸ் கம்பெனியோட 'பாப்' ஜாகிங் ஸ்ட்ரோலர்கள் மேல அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வழக்குப் போட்டுச்சு. க்விக் ரிலீஸ் முன்சக்கரம் ஓட்டத்துலயே கழண்டு, குழந்தைகளும் பெரியவங்களும் காயப்பட்டாங்கங்கறது குற்றச்சாட்டு. வண்டியில குறை இல்லைன்னு கம்பெனி வாதாடி, அதே வருஷம் நவம்பர்ல சமரசம் ஆச்சு. யார் பக்கம் நியாயம்ங்கறது வேற விஷயம். நமக்கான பாடம்: நாலு சக்கரத்துல முன்னாடி ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு. மூணுல இருக்கறதே ஒண்ணுதான். கழட்டி மாட்டற சக்கரம்னா, ஒவ்வொரு தடவையும் மாட்டினதும் வண்டியைத் தூக்கி, சக்கரத்தை இழுத்துப் பாருங்க.

நம்ம ஊர்ல எங்க ஓடப்போகுது?

பாண்டி பஜார் மாதிரி அகலமான நடைபாதை, மால், மெட்ரோ ஸ்டேஷன் லிஃப்ட், இங்கெல்லாம் எந்த ஸ்ட்ரோலரும் ஓடும். மத்த தெருக்கள்ல நடைபாதையில டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், பைக் நிக்கும், நாம ரோட்டுக்கு இறங்கி ஏறணும். மெரினா மணல்ல குட்டிச் சக்கரம் புதையும். அங்க தூக்கற ஸ்லிங்தான் சரி.

உங்க வாரத்தை எழுதிப் பாருங்க. பெரும்பாலும் பார்க், தெரு, அபார்ட்மென்ட்டைச் சுத்தி நடைன்னா, கொஞ்சம் பெரிய சக்கரம் உள்ள மூணு சக்கர வண்டி. பெரும்பாலும் கேப், ஆட்டோ, ஃப்ளைட், லிஃப்ட் இல்லாத ரெண்டாவது மாடின்னா, எடை குறைஞ்ச நாலு சக்கரக் குட்டி வண்டி. கேப் டிக்கியில பாதியை சிஎன்ஜி சிலிண்டர் எடுத்துக்கும்ங்கறதை மறக்காதீங்க.

இன்னும் ரெண்டு. சீட் ரொம்பத் தாழ்வா இருந்தா குழந்தையோட மூக்கு வண்டிப் புகைக்குப் பக்கத்துல இருக்கும். சீட் உயர்ந்தா எடையோட மையமும் உயரும், கவிழற கோணம் குறையும். ட்ராஃபிக் ரோடுதான் உங்க வழின்னா, உயரமான சீட்டோட அகலமான அடித்தளமும் சேர்ந்தே இருக்கணும். அடுத்தது வெயில். துப்பட்டாவைப் போட்டு முழுசா மூடாதீங்க. காத்து நின்னு உள்ள சூடு ஏறும். பெரிய கூரையும் வலை ஜன்னலும் உள்ளதா பாருங்க.

தானா உட்காரத் தெரியாத குழந்தைக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு மாசம் வரைக்கும், முழுசா மட்டமா சாயற சீட் வேணும். பல குட்டி மாடல்கள் அப்படிச் சாயாது.

கடைக்கு 10 கிலோ அரிசியோட போங்க

சிரிக்காதீங்க, சீரியஸா சொல்றேன். காலி வண்டி கடையோட டைல்ஸ் தரையில எல்லாருக்கும் வெண்ணெய் மாதிரி ஓடும். அரிசிப் பையை சீட்ல வச்சு, பெல்ட் போட்டு, இதெல்லாம் பண்ணிப் பாருங்க:

- ஒரே கையில, அதுவும் இடது கையில, எட்டு போடுங்க.
- கடை வாசல் சரிவுல பிரேக் போட்டுக் கையை எடுங்க. ஒரே மிதியில ரெண்டு பின்சக்கரமும் லாக் ஆகணும். செருப்புக் காலோட பிரேக்கை எடுத்தும் பாருங்க. சில மாடல்ல பெடலைக் கால் விரலால மேல தூக்கணும். ஷூவுக்கு ஓகே, நம்ம செருப்புக்கு வலிக்கும்.
- ஹேண்டிலோட ஒரு ஓரத்தை அழுத்துங்க. எதிர்ப்பக்கச் சக்கரம் சட்டுனு தூக்குதா?
- சீட்டை முழுசா சாய்ச்சு, ஹேண்டிலை விரலால கீழ அழுத்துங்க. எவ்வளவு லேசா முன்சக்கரம் தூக்குதோ, அவ்வளவு ஜாக்கிரதையா இருக்கணும்.
- அரிசிப் பையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, மீதி ஒரு கையால வண்டியை மடிங்க. முடியலைன்னா உங்களுக்கு அது காம்பாக்ட் இல்லை.

லேபிள்ல ஐரோப்பாவோட ஈஎன் 1888 அல்லது அமெரிக்காவோட ஏஎஸ்டிஎம் எஃப்833 தரநிலை இருக்கான்னு பாருங்க. கவிழாம நிக்குதா, பிரேக் பிடிக்குதான்னு சோதிக்கற விதிகள் இந்த ரெண்டுலயும் உண்டு. செகண்ட் ஹேண்ட் வாங்கினா, மாடல் நம்பரைப் போட்டு அது திரும்ப அழைக்கப்பட்டதான்னு தேடிட்டு வாங்குங்க.

பட்ஜெட் டைட்டா இருந்தா கலரையும் கப் ஹோல்டரையும் விட்டுக்கொடுங்க. பிரேக், பெல்ட், பின்பக்க அகலம், இந்த மூணுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. இந்த எபிசோடை, வீட்ல ஸ்ட்ரோலர் ஹேண்டில்ல பை மாட்டற யாருக்காவது அனுப்பிடுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம், டாட்டா!