பள்ளிப் பிள்ளைகளும் துத்தநாகமும்

நம் தீவு வீடுகளின் கூரைத் தகரம் கடற்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்காமல் இருப்பது அதன்மேல் ஏற்றிய துத்தநாகப் பூச்சினால்தான். அதே உலோகம் நம் பிள்ளைகளின் உடம்பிலும் வேலை செய்கிறது என்றால் பலர் நம்புவதில்லை. வளர்ந்த மனிதருக்கே மொத்தம் சுமார் 2 கிராம்தான் உண்டு. ஆனால் 300க்கும் மேற்பட்ட நொதிகள் அதை நம்பியிருக்கின்றன. உயரம் ஏறுவதற்கும், புண் ஆறுவதற்கும், நாக்கு ருசி அறிவதற்கும், நோயை எதிர்ப்பதற்கும் அது வேண்டும்.

இதைக் கண்டறிந்தவர் பீகாரிலுள்ள பக்ஸரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத். 1958ல் ஈரானின் ஷிராஸ் நகரில் 21 வயது வாலிபர் ஒருவர் பத்து வயதுப் பையனைப் போல் அவரிடம் வந்தார். புளிக்கவைக்காத ரொட்டியும் மண்ணும்தான் அவருடைய ஆகாரம். பிறகு எகிப்தில் செய்த ஆய்வுகளில், இத்தகைய வளர்ச்சிக்குறைவுக்குத் துத்தநாகக் குறைவு காரணம் என்பதை 1963ல் பிரசாத் நிறுவினார்.

நம் நாட்டு நிலை என்ன? 2016-18ல் நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 17 சதவீதம் பேருக்கும், 10 முதல் 19 வயதினரில் 32 சதவீதம் பேருக்கும் இக்குறை தெரிந்தது. அந்த ஆய்வு மாநிலங்களிலும் டெல்லியிலும் நடந்ததே தவிர, அந்தமான் நிக்கோபார் அதில் சேரவில்லை. கணக்கில் வராததால் குறையே இல்லை என்று நாம் இருந்துவிடலாகாது.

"பையன் சாப்பிடவே மாட்டேங்கிறான், அடிக்கடி வயித்தாலே போவுது, வயசுக்கேத்த உயரம் இல்லே" என்று தாய்மார் சொல்வதுண்டு. இதற்குப் பல காரணங்கள் உண்டு. துத்தநாகக் குறைவும் ஒன்று. இரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. காய்ச்சல், தொற்று இருந்தால் அளவு இறங்கிக் காட்டும். பிள்ளையின் உயரம், எடை, உணவு மூன்றையும் சேர்த்தே மருத்துவர் பார்ப்பார்.

7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 5.9 மில்லிகிராம் தேவை என்பது 2020ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக அட்டவணை. 100 கிராம் அரிசியில் சுமார் 1 மில்லிகிராம், கொண்டைக்கடலையில் சுமார் 3, எள்ளில் சுமார் 7 உண்டு. செறிவூட்டிய அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கட்டாயம், துத்தநாகம் கட்டாயமில்லை. ஆகவே சோறும் ரசமுமாக வயிறு நிறைந்தாலும் குறை தீராது. மேலும் தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைடேட் என்னும் பொருள் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, உடம்பில் சேரவிடாமல் செய்கிறது.

நான் சமணன். புலால் என் வீட்டுப் படியேறாது. அதற்காக உண்மையை மறைப்பது அறமாகாது. இறைச்சி, நண்டு, சிப்பி இவற்றின் துத்தநாகம் எளிதில் உடம்பில் சேரும். மரக்கறி உண்பவர்களுக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். வழி நம் பாட்டிமார் கையிலேயே இருந்தது. ஊறவைத்தல், முளைகட்டுதல், மாவைப் புளிக்கவைத்தல் மூன்றும் ஃபைடேட்டைக் குறைக்கும். முளைப்பயறு உண்ணாத சமணக் குடும்பத்தார் பயறை ஊறவைத்து, அந்த நீரை வடித்துவிட்டு வேகவைக்கலாம். பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்குப் பிஸ்கட் பொட்டலத்துக்குப் பதில் எள்ளுருண்டையோ கடலைச் சுண்டலோ கொடுங்கள். கறிக்கு நறுக்கும் பரங்கிக்காயின் விதையை எறியாதீர்கள். காயவைத்து வறுத்துக் கொடுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு 10 முதல் 14 நாள் துத்தநாக மாத்திரை தரலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004ல் கூறின. அதையும் மருத்துவர் சொன்ன அளவிலேயே தரவேண்டும். நாமாக வாங்கி நாள்கணக்கில் கொடுத்தால் உடம்பில் தாமிரம் குறையும்.

கப்பல் தாமதமானால் இங்கே காய்கறி விலை ஏறும். ஆனால் எள்ளும் கடலையும் மாதக்கணக்கில் கெடாத சரக்கு. நம் சங்கம் ஆண்டுக்கு இருமுறை பிள்ளைகளின் உயரமும் எடையும் அளந்து குறித்து வைத்தால், வேறெவரும் எடுக்காத கணக்கு நம்மிடமாவது இருக்கும். அதற்கு வேண்டியது ஒரு தராசு, ஒரு அளவுகோல், ஒரு நோட்டு. தராசு நான் தருகிறேன்.