வீடு திரும்ப முடியாத மீன்

வடக்கு ஜப்பானில், அகிதா மாகாணத்தில் தஸாவா என்றோர் ஏரி. ஆழம் 423 மீட்டர். அந்த நாட்டிலேயே ஆழமானது அதுதான். சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த குனிமாசு என்ற கறுத்த மீன் உலகத்தில் அந்த ஓர் ஏரியில் மட்டுமே இருந்தது. ஒரு மீனுக்கு ஒரு படி அரிசி கொடுத்து வாங்குவார்களாம்.

கடல் மீனுக்கு ஒரு கரை கெட்டால் மறுகரை உண்டு. தீவின் ஏரிக்குள் அடைபட்ட மீனுக்குப் போக்கிடம் ஏது? 1940இல் மின்சாரத்துக்கும் பாசனத்துக்குமாக, வெந்நீர் ஊற்றுகளின் கடும் அமிலம் கலந்த தமகாவா ஆற்றை ஏரிக்குள் திருப்பினார்கள். அங்கே குனிமாசு பூண்டற்றுப் போனது. 1990களில், பிடித்துத் தந்தால் 50 லட்சம் யென் என்று அறிவித்தும் ஒன்றுகூடச் சிக்கவில்லை.

2010இல் கியோத்தோ பல்கலைக்கழகப் பேராசிரியர் நகபோ தெத்சுஜி, குனிமாசுவை வரைந்து தரும்படி சகனா-குன் என்ற ஓவியரைக் கேட்டார். அவர் மாதிரிக்காக, அதன் நெருங்கிய உறவான ஹிமேமாசு மீன்களைப் பல ஊர்களிலிருந்து தருவித்தார். யமனாஷி மாகாணத்தின் சாய்கோ ஏரியிலிருந்து வந்தவை மட்டும் கறுப்பு! 1935இல் அந்த ஏரிக்கு ஒரு லட்சம் குனிமாசு முட்டைகள் போயிருந்தன. செவுளின் முட்களை எண்ணினார்கள், குடலை ஒட்டிய சிறு பைகளை எண்ணினார்கள், மரபணுவையும் பார்த்தார்கள். குனிமாசுவேதான்.

எனக்கு இதில் மகிழ்ச்சியைவிடக் கவலைதான் அதிகம். குதிர் நெல்லில் ஒரு பிடி அள்ளினால் குதிரில் கலந்திருக்கும் எல்லா ரகமும் கைக்கு வருமா? லட்சம் முட்டை என்பது பெரிய எண். ஆனால் ஒரு தாய்மீனே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஆகவே தாய்கள் அத்தனை பேர் இல்லை. அந்தத் தாய்தந்தையரிடம் இல்லாத மரபணு வடிவங்கள் தஸாவாவோடு போயின. கூட்டம் சிறிதானால் இன்னொரு சிக்கலும் உண்டு: சில வடிவங்கள் எந்தக் குறையும் இல்லாமலே, வெறும் தற்செயலால், தலைமுறைக்குத் தலைமுறை உதிர்ந்துவிடும். சொந்தத்துக்குள்ளேயே இனம் பெருகும்போது மறைந்திருந்த குறைகள் தலைகாட்டும். புது நோயோ வெப்பமோ வரும் நாளில், தாக்குப்பிடிக்கும் வடிவம் ஒரு மீனிடமாவது இருக்க வேண்டும். இழந்ததை மீண்டும் வாங்கிவர அக்கம்பக்கத்து ஏரியில் குனிமாசு கிடையாது.

தஸாவாவுக்கு வரும் ஆற்றின் அமிலத்தை இப்போது சுண்ணாம்புக்கல்லால் தணிக்கிறார்கள். இருந்தும் ஏரி இன்னும் தேறவில்லை. 2017இல் கரையில் ஒரு காட்சிக்கூடம் திறந்து, யமனாஷியிலிருந்து கொண்டுவந்த குனிமாசுகளைக் கண்ணாடித் தொட்டியில் விட்டிருக்கிறார்கள். முன்னோர் நீந்திய ஏரி எட்டும் தூரத்தில். அதில் இறக்கிவிடத்தான் முடியவில்லை.