மூன்றாவது வாரம் வரட்டும்

சைக்கிள் பந்தய ரசிகர்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு: "இவர் டூர் டி பிரான்ஸை ஜெயிக்கக்கூடிய ஆளா, இல்லையா?" இளம் வீரர் ஒருவர் ஏதோ ஒரு மலை உச்சிக்கு முதலில் வந்துவிட்டால், அன்று மாலையே அவர் வருங்காலச் சாம்பியன். இரண்டு நாள் கழித்து ஐந்து நிமிடம் பின்தங்கினால், "அப்பவே சொன்னேனே!" இரண்டுமே அவசரத் தீர்ப்பு. ஒரு வீரரைப் பற்றிய கணிப்பை எதைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்பதை நெதர்லாந்தின் டாம் டுமூலானை வைத்துச் சொல்வது சுலபம். அவரைப் பற்றிய எண்ணத்தை ரசிகர்கள் திருத்திக்கொண்டது அவர் ஜெயித்தபோது அல்ல, தோற்றபோது.

முதலில் பந்தயத்தின் கணக்கைப் பார்த்துவிடலாம். ஆண்டுக்கு மூன்று பெரும் பந்தயங்கள். மே மாதம் இத்தாலியில் ஜிரோ, ஜூலையில் பிரான்ஸில் டூர், ஆகஸ்ட் கடைசியில் ஸ்பெயினில் வுவெல்டா. ஒவ்வொன்றும் மூன்று வாரம், 21 கட்டம், ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர். நடுவில் இரண்டு அல்லது மூன்று நாள்தான் ஓய்வு. தினமும் ஒருவர் முதலாவதாக வருவார். அது அன்றைய வெற்றி மட்டுமே. எல்லா நாள் நேரத்தையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவரே பந்தயத்தை வென்றவர். 2017-இல் கிறிஸ் ஃப்ரூம் ஒரு கட்டத்தில்கூட முதலாவதாக வராமல் டூரை ஜெயித்தார். ஆகவே ஒரு நாள் அபாரமாக ஓட்டுவதைவிட 21 நாளும் பெரிதாக நேரத்தை இழக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

நேரம் இழக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று மலை. இன்னொன்று டைம் டிரையல், அதாவது யாருடைய முதுகுக்குப் பின்னாலும் ஒளியாமல் கடிகாரத்துக்கு எதிராகத் தனியாக ஓட்டும் கட்டம். இந்த இரண்டும் இருவேறு உடம்பைக் கேட்கின்றன.

58 கிலோ எடையுள்ள வீரர் மலையில் கிலோவுக்கு 6 வாட் வீதம் மிதித்து ஏற 348 வாட் திறன் போதும். 70 கிலோ வீரர் அவரோடு ஒட்டிக்கொண்டு போக 420 வாட் வேண்டும். மலை எடையைத்தான் பார்க்கிறது. சமதளத்தில் கதை தலைகீழ். அங்கே எதிரி காற்று. கனமானவரை அது கொஞ்சம்தான் கூடுதலாகத் தடுக்கும். அதனால் அந்த 420 வாட்காரர், 348 வாட்காரரை டைம் டிரையலில் நிமிடக்கணக்கில் பின்னுக்குத் தள்ளிவிடுவார். இதனால்தான் 'டைம் டிரையல் ஆள்' என்று ஒருவருக்கு முத்திரை குத்தியதும், பெரும் பந்தயம் வெல்பவர்கள் பட்டியலிலிருந்து ரசிகர்கள் அவர் பெயரை அடித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கிறது.

மாஸ்ட்ரிக்ட் நகரில் பிறந்த டுமூலானுக்கும் அந்த முத்திரைதான். உயரமானவர், எடை சுமார் 70 கிலோ. 2014 உலகச் சாம்பியன்ஷிப்பில் டைம் டிரையலில் வெண்கலம். மலை என்று வந்தால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2015 டூரில் மூன்றாம் கட்டத்திலேயே விழுந்து தோள்மூட்டு விலகி வெளியேறினார். அந்த வருஷ வுவெல்டாவுக்கு வந்தபோது அவரை யாரும் கணக்கில் வைக்கவில்லை. அவர் அணியும் வைக்கவில்லை என்றே சொல்லலாம். ஜயன்ட்-அல்பெசின், வேகப் பாய்ச்சல் வீரர்களைச் சுற்றிக் கட்டிய அணி.

ஒன்பதாம் கட்டத்தில் கும்ப்ரே தெல் சோல் என்ற செங்குத்து ஏற்றம். கடைசிக் கிலோமீட்டரில் ஃப்ரூம் பாய்ந்தார். டுமூலான் பதறாமல் பின்னால் வந்து, கோட்டுக்குச் சற்று முன்னால் அவரைத் தாண்டினார். முதலிடத்துக்குரிய சிவப்பு ஜெர்சி அவருக்கு. ரசிகர்கள் துள்ளினார்கள். ஆனால் இதை வைத்துக் கணிப்பை மாற்றியிருக்கக்கூடாது. அது சிறிய ஏற்றம், பந்தயத்தின் முதல் பாதி. உடம்பில் இன்னும் சரக்கு இருக்கும் நேரம். மாற்ற வேண்டிய இடம் அதற்குப் பிறகுதான் வந்தது. அடுத்தடுத்த மலை நாட்களில் இத்தாலியின் ஃபாபியோ ஆருவும் ஸ்பெயினின் ஹோக்கிம் ரோட்ரிகஸும் அவரை விட்டுப் போனார்கள். ஆனால் வெகுதூரம் போகவில்லை. வழக்கமாக டைம் டிரையல் ஆட்கள் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று கோட்டைவிடும் இடத்தில் இவர் கஞ்சத்தனமாக இழந்தார். பர்கோஸில் 38.7 கிலோமீட்டர் டைம் டிரையல் வந்தது. ஜெயித்து, ஆருவைவிட 3 விநாடி முன்னிலை பெற்றார். இரண்டு நாள் கழித்து ஆவிலா நகரின் கல் பாவிய தெருவில் ஒரு சிறு பாய்ச்சல். முன்னிலை 6 விநாடி ஆனது.

மிச்சமிருந்தது மலை நாள் ஒன்றுதான், இருபதாம் கட்டம். இரண்டாவது முறை மோர்குவேரா கணவாயில் ஏறும்போது ஆரு தாக்கினார். டுமூலான் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கினார். சில விநாடிகள்தான். பக்கத்தில் இரண்டு உதவி வீரர்கள் இருந்து முன்னால் காற்றை வெட்டிக் கொடுத்திருந்தால் இறக்கத்தில் எட்டிப் பிடித்திருப்பார். ஒருவரும் இல்லை. ஆருவின் அஸ்தானா அணியோ காலையிலேயே தன் ஆட்களை முன்னால் அனுப்பி வைத்திருந்தது. ஆரு வந்து சேர்ந்ததும் அவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஒரே நாளில் டுமூலான் கிட்டத்தட்ட நான்கு நிமிடம் இழந்து, முதலிடத்திலிருந்து ஆறாம் இடத்துக்குச் சரிந்தார்.

பட்டியலை மட்டும் பார்த்தவர்கள், "மூன்றாவது வாரம் தாங்கவில்லை, அவ்வளவுதான்" என்றார்கள். பந்தயத்தைப் பார்த்தவர்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள். 19 நாள் தாங்கியிருக்கிறார். இருபதாம் நாளும் அவரைக் கவிழ்த்தது கால் மட்டுமல்ல, தனிமையும்தான். இதுதான் நான் சொல்ல வருவது. வீரர் எத்தனை நிமிடம் இழந்தார் என்பதோடு நிற்கக்கூடாது. எங்கே, எப்படி, யார் துணையோடு இழந்தார் என்று கேட்க வேண்டும். உடம்பு தீர்ந்துபோய் இழப்பது ஒரு வகை. துணையின்றி இழப்பது இன்னொரு வகை. இரண்டாவதுக்கு மருந்து உண்டு: நல்ல அணி.

மூன்றாவது வாரம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? முதல் வாரத்தில் கிலோவுக்கு 6 வாட் வீதம் மிதிப்பவர்கள் நிறையப் பேர். பதினைந்து நாள் நாலைந்து மணி நேரம் ஓட்டிவிட்டு, அதே அளவை மறுபடி மிதிப்பவர்கள் மிகச் சிலர். இரவுக்குள் தசையில் மாவுச்சத்தை மீண்டும் நிரப்ப வேண்டும். பசியே இல்லாதபோதும் சாப்பிட வேண்டும். விழுந்த காயத்தோடு தூங்க வேண்டும். ஒரு வாரப் பந்தயங்களில் இது எதுவும் தெரியாது. அதனால்தான் பாரிஸ்–நீஸ் போன்ற எட்டு நாள் பந்தயத்தில் ஜெயித்த ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு ஜூலைக்குப் பரிந்துரைக்கக்கூடாது.

பாதையும் பாதி விதி. 2015 டூரில் தனிநபர் டைம் டிரையல் மொத்தமே 13.8 கிலோமீட்டர்தான். மெலிந்த மலையேறிகளுக்குத் தோதான ஆண்டு. 2012-இல் சுமார் 100 கிலோமீட்டர் இருந்தது. மைதானத் தடத்திலிருந்து வந்த பிராட்லி விக்கின்ஸ் ஜெயித்தார். 2017 ஜிரோவில் இரண்டு டைம் டிரையல், சேர்த்து 69 கிலோமீட்டர். டுமூலான் தன் பந்தயமாக அதைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை.

அந்த ஜிரோவில் எதிரே நின்றவர்கள் கொலம்பியாவின் நைரோ கின்டானாவும் இத்தாலியின் வின்சென்சோ நிபாலியும். ப்ளாக்ஹவுஸ் மலையில் கின்டானா ஜெயித்தார். டுமூலான் இழந்தது 24 விநாடி மட்டுமே. அடுத்த கட்டமே டைம் டிரையல். முதலிடத்துக்குரிய ரோஸ் ஜெர்சி கைக்கு வந்தது. ஓரோபா கோயிலுக்கு ஏறும் பதினான்காம் கட்டத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். கின்டானா பாய்ந்து விலகுகிறார். டுமூலான் சீட்டிலிருந்து எழவே இல்லை. தன் வேகத்திலேயே மிதித்து, விட்ட மீட்டர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கி, கின்டானாவை எட்டி, கடைசியில் கட்டத்தையே ஜெயித்துவிட்டார். பாய்ச்சலுக்குப் பாய்ச்சல் பதில் சொல்லப் போனால் கனமான உடம்பு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று தெரிந்த ஆளின் ஓட்டம் அது.

இரண்டு நாள் பந்தயம் கழித்து, ஸ்டெல்வியோ நாள். கடைசி ஏற்றத்துக்கு முன்னால் வயிறு கலக்கிவிட்டது. தொலைக்காட்சி கேமரா பார்த்துக்கொண்டிருக்க, சைக்கிளைப் போட்டுவிட்டு, ஜெர்சியைக் கழற்றி, சாலையோரப் புல்லில் ஒதுங்கினார். போட்டியாளர்கள் நிற்கவில்லை. (நின்றிருக்க வேண்டுமா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் நிற்க வேண்டியதில்லை என்ற கட்சி.) உலகம் இந்தக் கூத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் கணிப்புக்கு உதவுவது அதன் பிறகு நடந்தது. தன்னந்தனியாக மலையேறி, இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் மட்டுமே இழந்து, 31 விநாடி முன்னிலையோடு ரோஸ் ஜெர்சியைக் காப்பாற்றிக்கொண்டார். 2015-இல் தனிமையில் உடைந்தவர், இந்த முறை தனிமையில் உடையவில்லை.

பியான்காவாலோ மலையில் ஜெர்சி போயிற்று. கடைசி நாள் மோன்சாவிலிருந்து மிலானுக்கு 29.3 கிலோமீட்டர் டைம் டிரையல். தொடங்கும்போது டுமூலான் நான்காம் இடம், கின்டானாவுக்கு 53 விநாடி பின்னால். முடியும்போது 31 விநாடி முன்னால். ஜிரோவை வென்ற முதல் டச்சு ஆண் வீரர் அவர்தான். பெரும் பந்தயம் ஒன்றை ஒரு டச்சுக்காரர் வென்று அப்போது 37 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1980 டூரில் யோப் சுட்டமெல்க் வென்றதே கடைசி.

எல்லாத் தோல்வியிலும் விதை இருக்கிறது என்று இதைப் படித்துவிட வேண்டாம். அமெரிக்காவின் டீஜே வான் கார்டரன் 23 வயதில் 2012 டூரில் ஐந்தாவதாக வந்தார். அடுத்த சாம்பியன் என்றார்கள். 2014-இலும் ஐந்தாவது. அதற்கு மேல் ஏறவே இல்லை. மறுபுறம் பிரிட்டனின் சைமன் யேட்ஸ் 2018 ஜிரோவில் 13 நாள் ரோஸ் ஜெர்சி அணிந்து, மூன்று கட்டம் ஜெயித்து, பினெஸ்ட்ரே மலையில் ஒரே நாளில் 38 நிமிடம் இழந்தார். அது உடம்பு தீர்ந்த தோல்விதான். முடிந்தது கதை என்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வுவெல்டாவை வென்றார். 2025-இல் அதே பினெஸ்ட்ரேயில் தாக்கி ஜிரோவையும் வென்றார். முதல் வாரங்களில் சக்தியை வீணடிக்காமல் ஓட்டக் கற்றுக்கொண்டதே காரணம். ஆக, ஒரு முறை தீர்ந்துபோன ஆளைக்கூட உடனே அடித்துவிட முடியாது. அடுத்த முறை எப்படிச் செலவழிக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

டுமூலானின் மீதிக் கதையும் மேடு பள்ளம்தான். 2019 ஜிரோவில் விழுந்து முழங்கால் காயம், 2021 தொடக்கத்தில் மனம் களைத்துப் பந்தயத்திலிருந்து சில மாதம் விலகல், டோக்கியோ ஒலிம்பிக்கில் டைம் டிரையல் வெள்ளி, 2022-இல் ஓய்வு. டூரை அவர் ஜெயிக்கவே இல்லை. வெற்றிப் பட்டியலில் இருக்கும் பெரும் பந்தயம் ஒன்றே ஒன்று. ஆனால் 2018-இல் மே மாதம் ஜிரோவில் ஃப்ரூமுக்கு 46 விநாடி பின்னால் இரண்டாவது, ஜூலையில் டூரில் ஜெரைன்ட் தாமஸுக்கு 1 நிமிடம் 51 விநாடி பின்னால் மறுபடி இரண்டாவது. மூன்று மாதத்துக்குள் 42 கட்டம், இரண்டிலும் மூன்றாவது வாரம் குலையாத ஓட்டம். என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த ஆண்டு, ஜெயித்த 2017 அல்ல. பெரும் பந்தயம் எதையும் ஜெயிக்காத அந்த 2018-தான்.