பெங்களூரு ஃபோரம் மால்: கடைக்கு வாக்கெடுப்பு, கட்டடத்துக்கு ஓர் அறிவிக்கை

புது தில்லி: பெங்களூரு நகர மையத்திலிருந்து ஓசூர் சாலை வழியாக மடிவாளாவுக்குச் சென்று, சென்னைக்கோ கோவைக்கோ மதுரைக்கோ இரவுப் பேருந்து பிடிக்கும் தமிழர்கள் அனைவரும் அறிந்த கட்டடம் ஒன்று உண்டு. ஆடுகோடியைக் கடந்ததும் கோரமங்களாவில் நிற்கும் அந்த வணிக வளாகம் 2004-ம் ஆண்டு ஜனவரியில் ஃபோரம் மால் என்ற பெயரில் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் நெக்சஸ் கோரமங்களா. நகரவாசிகள் பலருக்கு அது இன்னமும் ஃபோரம்தான்.

பெயர் மாறியதற்குக் காரணம் உரிமை மாறியது. உரிமை மாறுவதற்கு வழி திறந்தவை தில்லியில் எடுக்கப்பட்ட முடிவுகள். வெளிநாட்டுப் பணம் கடைக்குள் வரலாமா என்பதற்காக நாடாளுமன்றமே அமளிப்பட்டது. அதே பணம் கடை இருக்கும் கட்டடத்தை வாங்கலாமா என்ற கேள்வியோ பெரும்பாலும் வணிகப் பக்கச் செய்தியாகவே முடிந்து போனது.

விற்காமல் வைத்திருந்த கடைகள்

ஃபோரம் வருவதற்கு முன்பு பெங்களூரில் கடைவீதி என்றால் பிரிகேட் சாலை, கமர்ஷியல் தெரு, சிக்பேட்டை ஆகியவையே. சென்னையில் ஸ்பென்சர் பிளாசா 1990-களின் தொடக்கத்திலும், தில்லியில் அன்சல் பிளாசா 1999-லும் வந்துவிட்டன. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் சம்பளம் ஓசூர் சாலையிலும் கோரமங்களாவிலும் புழங்கத் தொடங்கிய வேளையில், பிரெஸ்டிஜ் குழுமம் இந்த மாலைக் கட்டியது. பிவிஆர் நிறுவனம் ஒரே கூரையின் கீழ் 11 திரைகளை அமைத்தது. கன்னடம், தமிழ், இந்தி, ஆங்கிலப் படங்கள் அடுத்தடுத்த அரங்குகளில் ஓடியது அன்று புதுமை. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1987-ல் தொடங்கிய லேண்ட்மார்க் புத்தகக் கடையும் இங்கு கிளை பரப்பியது. புத்தக விற்பனையில் கிடைக்கும் லாபத்தைக் கொண்டு மால் வாடகை கட்டுவது எளிதல்ல. அக் கடை நிலைக்கவில்லை.

ஸ்பென்சர் பிளாசாவில் கடைகள் தனித்தனியாக விற்கப்பட்டன. நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள் உள்ள இடத்தில், எந்தத் தளத்தில் எந்த வகைக் கடை இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய ஒருவரும் இல்லை. ஃபோரம் எதையும் விற்கவில்லை. எல்லாவற்றையும் வாடகைக்கு விட்டது. குறைந்தபட்ச வாடகை ஒன்று, விற்பனையில் குறிப்பிட்ட சதவீதம் ஒன்று, இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும் என்பதே இத்தகைய மால்களில் வழக்கமான ஒப்பந்தம். கூட்டத்தை இழுக்கும் பெரிய கடைக்குச் சதுர அடி வாடகை குறைவு. அந்தக் கூட்டத்தை நம்பி வரும் சிறிய கடைக்கு அதிகம். கடைக்காரர் மாறலாம், ஆனால் மொத்தக் கட்டடமும் ஒரே கையில் இருக்கும். பின்னாளில் அதை மொத்தமாகக் கைமாற்ற முடிந்ததும் இதனால்தான்.

253-க்கு 218

2012 செப்டம்பரில் பல வணிகச் சின்னப் பொருள்களை விற்கும் சில்லறைக் கடைகளில் 51 சதவீத அன்னிய முதலீட்டுக்கு மன்மோகன் சிங் அரசு அனுமதி அளித்தது. தமிழகத்தில் இத்தகைய கடைகளை அனுமதிக்க மாட்டோம் என்று முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். வணிகர் அமைப்புகள் கடையடைப்பு நடத்தின. டிசம்பர் 5-ம் தேதி மக்களவையில் நடைபெற்ற வாக்கெடுப்பில் அரசு 253-க்கு 218 என வென்றது. கொள்கையை எதிர்ப்பதாகக் கூறிய திமுக, அரசுக்கு ஆதரவாக வாக்களித்தது. தமிழக வாசகர்கள் அந்த வாக்கை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

இதற்கு ஏழாண்டுகள் முன்பே, 2005 மார்ச்சில், கட்டுமானத் திட்டங்களில் 100 சதவீத அன்னிய முதலீடு அனுமதிக்கப்பட்டிருந்தது. 2014 செப்டம்பரில், வாடகை தரும் கட்டடங்களை ஓர் அறக்கட்டளையின் கீழ்க் கொண்டுவந்து அதன் அலகுகளைப் பங்குச் சந்தையில் விற்பதற்கான விதிகளை 'செபி' வெளியிட்டது. 2015 நவம்பரில், கட்டி முடிக்கப்பட்ட மால்களை இயக்கி நிர்வகிக்கவும் 100 சதவீத அன்னிய முதலீடு அனுமதிக்கப்பட்டது. முன்பு சில்லறை வணிக முதலீட்டை அவையில் எதிர்த்து வாக்களித்த பாஜக அப்போது ஆட்சியில் இருந்தது. இதற்கு வாக்கெடுப்பு தேவைப்படவில்லை. அரசின் அறிவிக்கையே போதுமானதாக இருந்தது.

பிரெஸ்டிஜ் குழுமம் தனது அலுவலகக் கட்டடங்கள், மால்கள், ஹோட்டல்கள் பலவற்றை ரூ.9,160 கோடி மதிப்பில் அமெரிக்காவின் பிளாக்ஸ்டோன் நிறுவனத்துக்கு விற்கும் உடன்பாடு 2020-ல் அறிவிக்கப்பட்டது. கோரமங்களா ஃபோரம் நெக்சஸ் ஆனது. சென்னை வடபழனியில் ஃபோரம் விஜயாவாக இருந்தது நெக்சஸ் விஜயா ஆனது. 2023 மே மாதம் 17 மால்களை உள்ளடக்கிய நெக்சஸ் செலக்ட் அறக்கட்டளை, அலகு ஒன்று ரூ.100 விலையில் ரூ.3,200 கோடி திரட்டி, மே 19-ம் தேதி பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. சில்லறை வணிக வளாகங்களுக்கென அமைந்த முதல் இந்திய அறக்கட்டளை இதுவே.

விநியோகிக்கத்தக்க வருவாயில் 90 சதவீதத்தையாவது அலகுதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும் என்பது செபி விதி. திருநெல்வேலியில் இருப்பவர்கூட சில ஆயிரம் ரூபாயில் கோரமங்களா வாடகையில் பங்கு பெறலாம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆண்டுதோறும் வருவாய் உயர்ந்தாக வேண்டிய கட்டாயம் இறுதியில் சிறிய கடைக்காரரின் ஒப்பந்தப் புதுப்பிப்பில்தான் வந்து நிற்கும்.

ஈஜிபுராவின் 15 ஏக்கர்

மால்களுக்கு நிலம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு கோரமங்களாவை ஒட்டிய ஈஜிபுரா ஓர் உதாரணம். நலிந்த பிரிவினருக்காக மாநகராட்சி கட்டிய அடுக்குமாடி வீடுகள் அங்கு இருந்தன. தரமற்ற கட்டடங்கள் இடிந்து விழத் தொடங்கியதால் அவை அகற்றப்பட்டன. குடும்பங்கள் அதே இடத்தில் தகரக் கொட்டகைகளில் தங்கின. சுமார் 15 ஏக்கர் நிலத்தில் பாதியில் ஏழைகளுக்கு வீடு, மறுபாதியில் மால் என்று தனியார் நிறுவனம் ஒன்றுடன் மாநகராட்சி ஒப்பந்தம் செய்தது. 2013 ஜனவரியில், உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி, போலீஸ் பாதுகாப்புடன் சுமார் 1,500 குடிசைகள் இயந்திரங்களால் தரைமட்டமாக்கப்பட்டன. வெளியேற்றப்பட்டவர்களில் தமிழ் பேசும் தலித் குடும்பங்கள் பல.

வேட்டிக்கு அனுமதி இல்லை

அவ்வாறு எழும் மாலுக்குள் யார் நுழையலாம் என்பதை யார் முடிவு செய்வது? 2024 ஜூலையில் மாகடி சாலையில் உள்ள ஜி.டி. மாலுக்கு, ஹாவேரி மாவட்டத்தைச் சேர்ந்த முதிய விவசாயி ஒருவர் மகனுடன் திரைப்படம் பார்க்க வந்தார். வேட்டி கட்டியிருந்ததால் காவலாளி அவரை உள்ளே விடவில்லை. சட்டப்பேரவையில் கட்சி வேறுபாடின்றிக் கண்டனம் எழுந்தது. மாலை ஏழு நாள்கள் மூடுவதாக நகர்ப்புற வளர்ச்சித் துறை அமைச்சர் பைரதி சுரேஷ் அறிவித்தார். நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு விவசாயிக்கு மரியாதை செய்தது.

கடைகள், உணவு விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்களில் எந்தக் குடிமகனையும் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டித் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவு. 'கடை' என்ற சொல்லை மிக விரிந்த பொருளிலேயே கையாண்டிருப்பதாக 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் விளக்கினார். அந்த விளக்கத்தின்படி மாலும் கடையே. ஆனால் உடை அப் பட்டியலில் இல்லை.

தமிழகம் இந்த இடைவெளியைப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தது. சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க மன்றத்தில் 2014 ஜூலையில் வேட்டி அணிந்து வந்த உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் தடுக்கப்பட்டதும், அடுத்த மாதமே பேரவை தனிச் சட்டம் நிறைவேற்றியது. மீறினால் ஓராண்டு வரை சிறை, ரூ.25 ஆயிரம் வரை அபராதம், உரிமம் ரத்து. அங்கு தடுக்கப்பட்டவர் நீதிபதி. மாகடி சாலையில் தடுக்கப்பட்டவர் விவசாயி. அவருக்காக மூடப்பட்ட மாலில், இந்தத் தகராறில் தொடர்பே இல்லாத கடைகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன.