பெற்றோல் பம்பும் வெந்நீர்த் தாங்கியும்

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் எம்மவர்கள். மொறிஸ் மைனரின் பம்ப் பொனற்றுக்குள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. நின்றுவிட்டால் மெல்லத் தட்டி ஓடச் செய்வோம். அந்தப் பழக்கத்தோடு குபெர்டினோவில் பழைய காரின் பம்பை மாற்ற முனைவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கு நாம் வைத்திருக்கும் கார்களில் பெரும்பாலும் பம்ப் பெற்றோல் தாங்கிக்குள்ளேயே இருக்கிறது. குழாயில் அழுத்தமும் பல மடங்கு அதிகம்.

முதலில் பம்ப்தான் பழுதா என்று பார்ப்போம். திறப்பைத் திருப்பியதும் பின்பக்கம் ஓரிரு விநாடி மெல்லிய இரைச்சல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பியூஸையும் றிலேயையும் சோதிப்போம். பழுது அங்கேயே இருந்தால் செலவு சில டொலர்தான்.

பம்பைத்தான் மாற்றவேண்டுமென்றால், பற்றறியின் நெகற்றிவ் வயரை முதலில் கழற்றுவோம். குழாயைத் துணியால் சுற்றிப் பிடித்து அழுத்தத்தை மெல்ல இறக்குவோம். பழைய றப்பர் வளையத்தைத் திரும்பப் போடாது புதியதையே போடுவோம்.

பெற்றோல் ஆவி காற்றிலும் பாரமானது, நிலத்தோடு படரும். இங்கு பல வீடுகளில் எரிவாயு வெந்நீர்த் தாங்கி கராஜுக்குள்ளேயே நிற்கிறது. அதன் சிறு சுடர் போதும், வீடு பற்றிக்கொள்ள. ஆகவே காரை வெளியே நிறுத்தி, தீயணைப்பானை அருகில் வைத்து, பிள்ளைகளைத் தூர விலக்கியே வேலை செய்வோம்.

வடித்த பெற்றோலை வீதி வடிகாலில் ஊற்றலாகாது. அது ஓடைவழியே விரிகுடாவைச் சேரும். சாண்டா கிளாரா கவுண்டியின் வீட்டு நச்சுக்கழிவு நிலையத்தில் முன்பதிவு செய்து ஒப்படைக்கலாம்.

கூலியை மிச்சம் பிடிக்கலாம். அதற்காக வீட்டைப் பணயம் வைக்கலாகாது.